பத்தொன்பது வருடப் புது ஆள்

மார்ச் 3, திங்கள்

மேஜை மேல் ஒரு பூங்கொத்து. யாருக்கோ பிறந்தநாள், தவறி என் அறையில் வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எனக்குத்தானாம். வக்கீல்கள் சங்கத்தின் இந்த ஆண்டு சமூக சேவை விருது. பதினாறு வருடமாகச் சனிக்கிழமைதோறும் நூலக மாடியில் உட்கார்ந்து இலவசமாகச் சட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சங்கத்தின் கண்ணில் இப்போதுதான் பட்டிருக்கிறது.

எங்கள் நிறுவனத்தின் முதல் பங்குதாரர் வந்து கை குலுக்கினார். ஆபீசில் எல்லோருக்கும் அவர் 'பெரியவர்'. "நம்ம ஆபீசுக்கே பெருமைம்மா" என்றார். போன வருடம் சனிக்கிழமை வேலைக்கு ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷினைத் தொடாதே என்று எனக்குக் குறிப்பு அனுப்பியவரும் இவர்தான். பல்லைக் காட்டி நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் இவரிடம் பொரிந்து தள்ளினேன். "விருது குடுத்தாக்கூடவா கோவம் வரும் உனக்கு?" என்றார். வரும். வாரத்தில் ஐந்து நாள் கம்பெனிகளுக்கு நலத்திட்ட விதிகள் எழுதிக் கொடுக்கிறேன். தொழிலாளிக்கு உடம்புக்கு வந்தால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று. ஆறாவது நாள், கிடைக்காதவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஏன் கிடைக்கவில்லை என்று விளக்குகிறேன். இருபத்தாறு வருடமாக அது பிழைப்பு, பதினாறு வருடமாக இது சேவை. இதற்கு ஒரு கேடயம் வேறு.

மார்ச் 8, சனி

இன்று ரொட்டி ஆலைத் தொழிலாளி ஒருவர் வந்தார், மனைவியோடு. மாடிப்படி ஏறிய களைப்பில் ஐந்து நிமிடம் அவரால் பேச முடியவில்லை. நெஞ்சு மேலும் கீழும் போய்வந்தது. நூலகர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். யார் இருமினாலும் 'உஷ்' சொல்கிற மனிதர், இன்று சொல்லவில்லை.

மூச்சு திரும்பியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "மேடம், நான் புதுசா வேலைக்குச் சேந்த ஆளுங்க." சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. "பத்தொம்பது வருஷமா அடுப்பு முன்னால நிக்கிறாரு வக்கீலம்மா. மாவுத் தூசி நெஞ்சு பூரா அடைச்சிருக்கு. ஆஸ்பத்திரில அம்பத்திரண்டு நாள் கெடந்து எழுந்து வேலைக்குப் போனா, நீ இன்னைக்குத்தான் சேந்திருக்கங்கறாங்க. புதுசா சேந்தவங்களுக்கு ரெண்டு வருஷத்துக்குப் பழைய வியாதிக்கு வைத்தியம் கிடையாதாம். ரெண்டு வருஷம் மூச்சு விடாம இருக்கணுமா இவரு?"

கடிதத்தை என் முன்னால் விரித்துவிட்டார். நான் எப்போதும் முதலில் கம்பெனி பெயரைக் கேட்பேன். இன்று அந்த மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கேட்கவில்லை. கடிதத்தின் தலைப்பில் இருந்தது. எங்கள் கட்சிக்காரர். எங்கள் ஆபீஸ் ஆலோசனை சொல்கிற ஆலை.

சொன்னேன். நான் அவங்க பக்கத்து வக்கீல், உங்க வழக்கை நான் தொடக் கூடாது, இதுக்கு மேல எங்கிட்ட எதுவும் சொல்லாதீங்க என்று. இன்னொரு வக்கீலின் முகவரி எழுதிக் கொடுத்தேன். தொழிலாளர் பக்கம் மட்டுமே வாதாடுகிறவர். கோர்ட்டில் கத்துகிற கத்தலால் அவருக்கு 'தொண்டை' என்று பட்டப்பெயர். இருபது வருடமாக நானும் அவரும் எதிரெதிராக நிற்கிறோம்.

அந்த அம்மா துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார். "எதிர்ப் பக்கம்னா அப்பறம் இங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

எதற்கு?

கடிதத்தில் மேற்கோள் காட்டியிருந்த விதி கண்ணை விட்டுப் போகவில்லை. 'திரும்பி வரும் நாளில் புதிதாகச் சேர்ந்தவராகவே கருதப்படுவார்.' அந்த 'ஏ' என் ஏ. நான்தான் அப்படி எழுதுவேன்.

மார்ச் 10, திங்கள்

மதியம் பழைய கோப்புகள் வைத்திருக்கும் அறைக்குப் போனேன். ரொட்டி ஆலையின் கோப்பு, பதினோரு வருடத்துக்கு முந்தையது. கீழே என் கையெழுத்து.

இந்தத் தொழிலில் யாரும் வெற்றுத்தாளில் தொடங்குவதில்லை. ஏற்கெனவே எழுதிய விதிகளை நகலெடுத்து, பெயரை மாற்றி, வேண்டாததை அடித்துவிட்டு, வேண்டியதைச் சேர்ப்போம். ரொட்டி ஆலைக்கு நான் எடுத்த நகல், ஒரு பழம் பதப்படுத்தும் ஆலைக்கு எழுதியது. அதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பன்னிரண்டாம் விதி. பழ ஆலையில் அதற்கு மூன்று வரி.

ஒன்று: தொடர்ந்து நாற்பத்தைந்து நாளுக்கு மேல் வராதவர் புதிதாகச் சேர்ந்தவர்.
இரண்டு: பருவம் முடிந்து ஆலை மூடியிருக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது.
மூன்று: நோயால் மருத்துவமனையில் இருந்த நாட்கள் இந்தக் கணக்கில் சேராது.

ரொட்டிக்குப் பருவம் கிடையாது. வருடம் பூரா அடுப்பு எரியும். ஆகவே இரண்டாவது வரியை அடிக்க வேண்டும். நான் மூன்றாவதை அடித்திருக்கிறேன்.

ரொட்டி ஆலையின் விதிப்புத்தகத்தில் இன்றைக்கும் இருக்கிறது: 'பருவம் முடிந்து ஆலை மூடியிருக்கும் நாட்கள்.' ஆஸ்பத்திரி இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது, அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

பதினோரு வருடம். ஆலை படிக்கவில்லை. பெரியவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நான்? நான் படித்தேன் என்றுதான் கோப்பில் குறித்திருக்கிறேன்.

மார்ச் 15, சனி

நூலகத்துக்குச் சங்கத்திலிருந்து போட்டோகிராபர் வந்தான். விருது மலருக்கு 'சேவை செய்யும் காட்சி' வேண்டுமாம். எதிரே இருந்தவர் ஒரு வாட்ச்மேன். பிடித்துவைத்த சம்பளம் கைக்கு வந்துவிட்டது என்று சொல்ல வந்தவர், வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். "சார், கொஞ்சம் சோகமா பாருங்க" என்றான். வாட்ச்மேன் பாவம், முயற்சி செய்தார். முடியாமல் இன்னும் சிரித்தார்.

போட்டோகிராபரைக் கீழே அனுப்பிவிட்டேன். அனுப்பின விதம் சரியில்லை என்று நூலகர் சொன்னார். உஷ் என்றுகூடச் சொன்னார்.

ரொட்டி ஆலைக்காரர் தொண்டையிடம் போனாரா? தெரியாது. கேட்கவும் கூடாது.

மார்ச் 19, புதன்

போயிருக்கிறார். தொண்டையின் நோட்டீஸ் ஆலைக்கு வந்து, ஆலை அதை எங்களுக்கு அனுப்பி, பெரியவர் அதை என் மேஜையில் வைத்தார்.

ஏழு பக்கம். ரத்தம், வியர்வை, மனிதாபிமானம், கல்நெஞ்சம். பன்னிரண்டாம் விதி அநியாயமானது என்று மூன்று இடத்தில் இருக்கிறது. அந்த விதிக்குள்ளே ரொட்டிக்கு ஏது பருவம் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை! அட மனுஷா, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்க வேண்டாமா? எதிர்க்கட்சி வக்கீல் கோட்டை விட்டதற்காக இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக எனக்கு வயிறு எரிந்தது.

"நீயே பதில் போட்டுடும்மா. விதி தெளிவா இருக்கு, நிர்வாகத்துக்கு வேற வழியில்லைன்னு. உன் விதிதானே" என்றார் பெரியவர்.

அந்தத் தொழிலாளி நூலகத்துக்கு என்னிடம்தான் முதலில் வந்தார், ஆகவே பதில் எழுதும் கை என்னுடையதாக இருக்கக் கூடாது என்றேன். பிறகு இரண்டு கோப்பையும் அவர் முன்னால் விரித்து வைத்தேன்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. ஆலைகிட்ட சொல்லணும்."

"எதுக்கு?"

"அவங்கதானே நம்ம கட்சிக்காரர். அவங்க கேட்டது ஒண்ணு, நான் எழுதிக் குடுத்தது ஒண்ணு. சொல்ல வேண்டியது நம்ம கடமை."

"அவங்க அதுல சந்தோஷமாத்தான் இருக்காங்க. எதிராளி வக்கீலுக்கே தெரியாத ஓட்டையை நீ ஏம்மா எடுத்துக் குடுக்கற? நம்ம பேரு என்னாகும்? அடுத்த மாசம் உனக்கு விருது. மேடைல ஏறி என்ன சொல்லப்போற, ஒரு வரியை மாத்தி அடிச்சிட்டேன்னா?"

குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். 'ஒரு வரி' என்றார். அந்த ஒரு வரி மாடிப்படியில் மூச்சு வாங்கி நின்றதை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

மார்ச் 20, வியாழன்

வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். எல்லோரும் என்றால் இவர் ஒருவர்தான். மகள் வெளியூரில் வேலையில் இருப்பதால் தப்பித்தாள்.

கோப்பில் இருந்த தேதியை நினைத்து நினைத்துப் பார்த்தேன். அந்த வாரம் மகளுக்கு விஷக் காய்ச்சல். தூங்காமல் கொள்ளாமல் ஆபீஸ் போய்வந்த வாரம். இவரிடம் சொன்னேன், அதனால்தான் தப்பு நடந்திருக்கும் என்று. இவர் காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்: "அந்தக் காய்ச்சலுக்கு எத்தனை நாள் லீவு போட்ட?"

போடவில்லை. போட்டிருக்கலாம். என் ஆபீஸ் விதியில் குழந்தைக்கு நோய் என்றால் பத்து நாள் விடுப்பு உண்டு. அந்த விதியை எழுதியதும் நான்தான். என்ன சப்பைக்கட்டு கட்டுகிறேன் நான்! குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு வந்து ஆஸ்பத்திரி என்கிற வரியையே அடித்திருக்கிறேன்.

இவர் சொன்னார்: "வேலை போனா போகட்டும். ஆனா தினமும் என்னைத் திட்டறதுக்கு ஒரு முடிவு கட்டு."

மார்ச் 24, திங்கள்

காலையில் பெரியவர் அறைக்குப் போனேன். "மூணு மணிக்கு ஆலைக்குக் கடிதம் அனுப்பறேன். நீங்களும் சேந்து கையெழுத்துப் போட்டா நல்லது."

"போடலேன்னா?"

"நான் மட்டும் போட்டு அனுப்புவேன்."

"அனுப்பிட்டு நாலு மணிக்கு ரூமைக் காலி பண்ணிடு" என்றார். அவருக்கும் கோபம் வரும் என்று இன்றுதான் தெரிந்தது. ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது.

கடிதத்தை ஒன்பது தடவை எழுதினேன். வக்கீல் பாஷையில் பூசி மெழுக என் கை தானாகப் போகிறது. 'விடுபட்டதாகத் தெரியவருகிறது' என்று எழுதி அடித்தேன். தெரியவருகிறதாம். யாருக்கு, எங்கிருந்து? கடைசியில் இப்படி அனுப்பினேன்: 'உங்கள் நலத்திட்டத்தின் பன்னிரண்டாம் விதியை எழுதியபோது, மருத்துவமனையில் இருக்கும் நாட்களைக் காக்கும் வரியை நான் தவறுதலாக நீக்கிவிட்டேன். அதை நீக்கச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை. இது என் தவறு. இதனால் எங்கள் நலனும் உங்கள் நலனும் மோதக்கூடும் என்பதால் வேறு வக்கீலிடம் ஆலோசனை பெறவும்.' பழ ஆலையின் பெயரையோ, நூலகத்துக்கு வந்தவரின் பெயரையோ குறிப்பிடவில்லை.

மூன்று மணிக்கு அனுப்பினேன். நான்கு மணிக்கு இரண்டு அட்டைப்பெட்டியோடு லிஃப்டில் இறங்கினேன். இருபத்தாறு வருடச் சாமான் இரண்டு பெட்டிதான். என்னென்னவோ சேர்த்துவைத்திருப்பதாக நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

ஆலையிலிருந்து பதில் இல்லை. தினமும் நாலு தடவை மெயிலைப் பார்க்கிறேன். இவர் வீட்டிலிருப்பவளுக்கு உபதேசம் செய்யும் குரலில், "தோட்டத்தைப் பாரேன்" என்றார். நாலு தொட்டிக்குப் பெயர் தோட்டம்.

ஏப்ரல் 9, புதன்

விருது வேறொருவருக்கு. 'நிர்வாகக் காரணங்களால்' என்று ஒரு வரிக் கடிதம். என்னைப் போல இன்னொருத்தி உட்கார்ந்து எழுதியிருப்பாள்.

ஏப்ரல் 17, வியாழன்

ஆலையின் பணியாளர் பிரிவு மேலாளர் போனில் அழைத்தார். எடுத்ததும் பாய்ந்தார்.

"பதினோரு வருஷம் கழிச்சு எழுதறீங்களே மேடம், எங்க தலைல கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருக்கு. இந்த வரியை வச்சு எத்தனை பேரைப் புது ஆள்னு எழுதியிருக்கோம் தெரியுமா? பதினாலு பேரு. பதினாலு கடுதாசிலயும் நான்தான் கையெழுத்து."

ஒருவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன முட்டாள்தனம். விதி என்றால் எல்லோருக்கும்தானே.

பதினான்கு.

புது வக்கீல் சொன்னாராம், வெளியே தெரிந்து திருத்துவதைவிட நாமே திருத்திக்கொள்வது ஆலைக்கு நல்லது என்று. முதல் நாளிலிருந்தே மூன்றாவது வரி இருந்ததாக வைத்துத் திருத்துகிறார்கள். பதினான்கு பேருக்கும் கடிதம் போகும். மனம் இரங்கியெல்லாம் இல்லை, கணக்குப் போட்டுப் பார்த்துச் செய்கிறார்கள். செய்யட்டும். எப்படிச் செய்தாலும் மூச்சு மூச்சுதான்.

"உங்க மேல வழக்குப் போடலாமான்னும் யோசிக்கிறோம்" என்றார் கடைசியில்.

"போடுங்க. நான் எதிர்வாதம் பண்ண மாட்டேன்."

மே 14, புதன்

ரொட்டி ஆலைக்காரரின் மனைவி போன் செய்தார். என் நம்பரைத் தொண்டை கொடுத்திருக்கிறார், வரி விட்டுப்போன கதையையும் சொல்லியிருக்கிறார்.

"வக்கீலம்மா, இவரு மறுபடி பழைய ஆளாயிட்டாரு."

 நான் பதில் சொல்லுமுன் அடுத்ததைக் கேட்டார்.

"அன்னைக்கு நூலகத்துல நாங்க வந்தப்பவே அந்த வரி விட்டுப்போனது உங்களுக்குத் தெரியுமா?"

"சனிக்கிழமை சந்தேகம்தான். திங்கக்கிழமை தெரியும்."

"ஒரு போன் போட்டிருக்கலாமே."

"கூடாதும்மா. அவங்க வக்கீல் நான். உங்ககிட்ட சொல்லக் கூடாது."

"ரெண்டு மாசம். இழுக்கற மருந்தை நாளுக்கு ரெண்டு தரம்னு சொன்னதை ஒரு தரமாக் கொறைச்சிக்கிட்டாரு, எவ்வளவு நாளைக்குன்னு தெரியாம. நல்லாத்தான் இருக்கு உங்க சட்டம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சட்டப்படி சரியாகத்தான் நடந்துகொண்டேன். வக்கீல்களை விசாரிக்கும் எந்தக் குழுவில் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். சரி, சரி என்று சொல்லிக்கொண்டு நாலு தொட்டிக்கும் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

ஜூன் 11, புதன்

தொண்டை வீட்டுக்கே வந்தார். இருபது வருடத்தில் முதல் தடவை. போட்டிருந்த காபியைக் குடித்துவிட்டு, "அந்தப் பருவத்தை நான் பாக்காம விட்டேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்றார். மெதுவாகத்தான் பேசினார். வீட்டில் அவருக்கு அந்தத் தொண்டை இல்லை போலும்.

பதினான்கு கடிதத்தில் ஐந்து திரும்பிவந்துவிட்டதாம். வீடு மாறியவர்கள், ஆள் இல்லாதவர்கள். பதிவுத் தபாலில் போட்டாயிற்று, எங்கள் கடமை முடிந்தது என்று ஆலை கை கழுவிவிட்டது. ஐந்து பேரின் உரிமையும் ஆறு மாதத்தில் காலாவதி ஆகிவிடும். தேடிப்போய்க் கொடுக்க அவரிடம் ஆள் இல்லை.

"நான் போறேன்" என்றேன்.

"நீங்க யாருன்னு கேட்டா?"

"சொல்லுவேன்."

"அடி விழும்மா" என்றார்.

ஜூன் 21, சனி

இரண்டு பேரைப் பார்த்துக் கொடுத்தாயிற்று. ஒருவர் நன்றி சொன்னார். நன்றி சொன்னதுதான் தாங்க முடியவில்லை. இன்னொருவர் நாயை அவிழ்த்துவிட்டார், நாய்க்கு வயதாகிவிட்டிருந்தது.

ஜூன் 28, சனி

பஸ் டெப்போவுக்குப் பின்னால் மூன்றாவது மாடி. கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண்மணி தையல் மெஷினில். ஐம்பது வயதிருக்கும். பட்டியலில் இருந்தது அவர் கணவர் பெயர். ரொட்டி கட்டும் பிரிவில் இருந்தவர், சிறுநீரகம் கெட்டு ஆறு வருடத்துக்கு முன்னால் போய்விட்டார்.

கடிதத்தைக் கொடுத்துவிட்டு விளக்கினேன். அறுபது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பியபோது அவரைப் புது ஆள் என்று எழுதினார்கள், அதனால்தான் சிகிச்சை நின்றது, அப்படி எழுதியிருக்கக் கூடாது, அவருக்குச் சேர வேண்டியது இனி உங்களுக்கு வரும் என்றேன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் நின்றது.

"புது ஆளா? அப்படின்னா?"

அவர் வீட்டில் சொல்லவே இல்லையாம். ஆலை இனி வைத்தியம் பார்க்காது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இந்த மனுஷன் அங்க ஏதோ திருடியிருக்காரு, இல்லேன்னா யாரையோ அடிச்சிருக்காரு, அதான் ஆலை கைவிட்டுடுச்சுன்னு. கேட்டேன். என்ன பண்ணித் தொலைச்சீங்கன்னு தினமும் கேட்டேன். நான் ஒண்ணும் பண்ணலைன்னாரு. நம்பல. படுத்த படுக்கையா கெடந்தப்பவும் கேட்டேன். எம்பொண்ணும் கேட்டா."

கடிதத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் பண்ணலையா அவரு?"

"ஒண்ணும் பண்ணலைங்க. விதியில ஒரு வரி இல்லாம போயிடுச்சு."

"தானாவா போச்சு?"

படிக்கட்டில் ஏறும்போது மனப்பாடம் செய்துவைத்திருந்தது ஒன்றும் வரவில்லை.

"நான்தாங்க எடுத்துட்டேன். தப்பா எடுத்துட்டேன். அந்த விதியை எழுதின வக்கீல் நான்."

தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து ஓரமாக வைத்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கம் தள்ளினார்.

"செத்துப்போன மனுஷனை ஆறு வருஷமா திட்டிக்கிட்டு இருக்கேன் நான். உக்காருங்க. உங்களை நான் திட்டி முடிக்கற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது."

உட்கார்ந்தேன்.